பாரடேயின் கண்ணாடித் துண்டு

பௌதிகமும் இரசாயனமும் பயிலும் நண்பர்கள் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. பிற்பகல் முழுவதும் சோதனைச்சாலையில் நின்று, கருவிகளைத் திருத்தித் திருத்தி வைத்தும், வரவேண்டிய விடை வராது. மணி அடிக்கும் வேளையில் நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுவது என்ற சங்கடம் பிறக்கும். சிலர் அந்தப் பக்கத்தையே கிழித்து விடுவர். சிலர் அடுத்த மேசை நண்பரின் எண்களை வாங்கி எழுதிக்கொள்வர். கலைப் பிரிவு நண்பர்களுக்கும் இந்தச் சங்கடம் வேறு உருவில் வாராமல் இராது.

அத்தகைய வேளையில் நினைத்துக்கொள்ளத் தக்க ஓர் அறிஞரின் வாழ்க்கையை இங்கே கூற விரும்புகிறேன். அவர் பெயர் மைக்கேல் பாரடே. மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் வித்திட்டவர் என்ற அளவில் அவரை எல்லோரும் அறிவோம். அந்தப் புகழை மீண்டும் விரித்துரைப்பது என் நோக்கமன்று. காந்தம் ஒளியின் மீதும் செயல்படும் என்று அவர் கண்டாரே, அதையும், அதைக் காண்பதற்குமுன் அவர் அடைந்த தோல்விகளையுமே சொல்லப் போகிறேன்.

கருமான் வீட்டுப் பிள்ளை

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், லண்டன் மாநகருக்குத் தெற்கே இருந்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாரடே கருமான் தொழில் செய்பவர், அடிக்கடி நோயுற்றவர். பஞ்ச காலத்தில் ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு மைக்கேல் ஒரு வாரம் ஓட்ட வேண்டியிருந்தது என்று கூறுவர். பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடும் சிறிது கணக்கோடும் நின்றது.

1804-இல், பதின்மூன்றாம் வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் வேலைக்குச் சேர்ந்தான் சிறுவன். அடுத்த ஆண்டே அங்குப் புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பயில ஏழாண்டு ஒப்பந்தம் ஆயிற்று. பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படிக்கவும் செய்தான். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் இரசாயனத்தை உரையாடலாக எழுதிய நூலும் அவன் மனத்தைக் கவர்ந்தன. கையில் கிடைத்த சில்லறைக் காசுக்குச் சாமான்கள் வாங்கி, படித்தவற்றைச் சோதித்துப் பார்த்தான்.

1812-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கடைக்கு வந்துபோகும் வாடிக்கைக்காரர் ஒருவர் நுழைவுச் சீட்டுக் கொடுத்து உதவினார். கேட்டதையெல்லாம் குறிப்பெடுத்து, படங்களும் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி வைத்தார் பாரடே. பைண்டு செய்யக் கற்றது வீண்போகவில்லை. 1813 மார்ச் முதல் நாள் அவர் அங்கேயே உதவியாளராக அமர்ந்தார். வாரத்துக்கு 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். அந்தக் கட்டடத்தில்தான் அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

அதே ஆண்டு டேவி தம்பதிகளோடு ஐரோப்பியப் பயணம் சென்றார். டேவியின் மனைவி அவரை ஒரு பணியாளாகவே நடத்தினார். மனம் கசந்தாலும், ஆம்பியர், வோல்ட்டா முதலிய பேரறிஞர்களைக் காணும் பேறு கிடைத்ததே என்று பொறுத்துக்கொண்டார். 1821-இல் சாரா பார்னார்டு என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டு செப்டம்பரிலேயே மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைக் காட்டி அறிவுலகின் கவனத்தை ஈர்த்தார்.

உலையும் வீணான உழைப்பும்

இனி நம் கதைக்கு உரிய கண்ணாடிக்கு வருவோம். அக்காலத்தில் தொலைநோக்கிகளுக்கு ஏற்ற சிறந்த கண்ணாடி பவேரியா நாட்டில்தான் செய்யப்பட்டது. இங்கிலாந்திலும் அப்படிச் செய்ய வேண்டும் என்று விரும்பிய ராயல் சங்கம் 1820-களில் ஒரு குழுவை நியமித்து, கண்ணாடி உருக்கும் பொறுப்பைப் பாரடேயிடம் ஒப்படைத்தது. 1827-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டப்பட்டது. உதவிக்குச் சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற பீரங்கிப் படை சார்ஜென்ட் அமர்த்தப்பட்டார். ஒருநாள் மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்லப் பாரடே மறந்துவிட்டாராம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், ஆண்டர்சன் விடிய விடிய உலையைக் காத்துக்கொண்டிருந்தாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது.

ஆண்டுக்கணக்கில் உழைத்தும் தொலைநோக்கிக்கு உதவும் நல்ல கண்ணாடி கைகூடவில்லை. மின்சார ஆராய்ச்சியோ ஒரு பக்கம் காத்துக் கிடந்தது. 1831-இல் பாரடே அப்பணியிலிருந்து விலகினார். விலகிய சில வாரங்களில், ஆகஸ்டு 29-ஆம் நாள், காந்தத்திலிருந்து மின்சாரம் பெறும் வழியைக் கண்டுபிடித்தார். அதனோடு ஒப்பிட்டால் கண்ணாடிக்காகச் செலவிட்ட காலம் வீண் என்றே எவரும் சொல்லியிருப்பர். மிஞ்சியவை சில கண்ணாடித் துண்டுகளும், விசுவாசமுள்ள ஆண்டர்சனுமே. ஈயமும் போரானும் சிலிக்காவும் கலந்த அந்தக் கண்ணாடி மிகவும் கனமாக இருக்கும். ஆகவே அதற்குக் கனக்கண்ணாடி என்று பெயர். பாரடே அத்துண்டுகளை எறிந்துவிடவில்லை, அலமாரியில் வைத்திருந்தார்.

ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டா?

இயற்கையின் ஆற்றல்கள் யாவும் ஒன்றோடொன்று உறவு கொண்டவை என்பது பாரடேயின் உறுதியான நம்பிக்கை. மின்சாரத்தால் காந்தம் பிறக்கிறது. காந்தத்தால் மின்சாரம் பிறக்கிறது. அப்படியானால் ஒளி மட்டும் தனித்து நிற்குமா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

அவர் சோதித்த முறையை அறிய, ஒளியைப் பற்றிய ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நீண்ட கயிற்றின் ஒரு முனையைச் சுவரில் கட்டி மறுமுனையை உதறினால் அலை ஓடும். மேலும் கீழுமாக உதறலாம், பக்கவாட்டில் உதறலாம், சாய்வாகவும் உதறலாம். விளக்கிலிருந்து வரும் சாதாரண ஒளியில் இவ்வாறு எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. கயிற்றை ஜன்னலின் நெடுங்கம்பிகளுக்கு இடையே செலுத்தினால் மேல்கீழ் அதிர்வு மட்டுமே அப்பால் செல்லும், மற்றவை தடைப்பட்டுவிடும். அதுபோல ஒளியையும் ஒரே தளத்தில் அதிருமாறு செய்யலாம். அதைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். குறிப்பிட்ட சாய்வில் கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி இத்தன்மை பெறுகிறது. அந்த ஒளியை நிக்கோல் பட்டகம் என்ற படிகக் கருவியின் வழியே பார்த்தபடி, பட்டகத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் ஒளி முற்றிலும் மறைந்து இருள் சூழும். வழியில் ஏதேனும் ஒரு பொருள் அதிர்வுத் தளத்தைச் சிறிது திருப்பினாலும், இருள் நீங்கி ஒளி எட்டிப் பார்க்கும். மிக நுண்ணிய மாறுதலையும் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும் முறை இது.

1822 செப்டம்பரில் பாரடே, மின்சாரம் ஓடும் கரைசல் ஒன்றின் வழியே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஒரு மாறுதலும் இல்லை. இல்லை என்பதையே தேதியிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1833-இல் வேறு வகையில் முயன்றார். அப்போதும் இல்லை, அதையும் எழுதி வைத்தார்.

பின்னர் அவர் உடல்நிலை சீர்கெட்டது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலைசுற்றலும் மறதியும் அவரை வாட்டின. ஆராய்ச்சியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு, 1841-இல் சில மாதங்கள் சுவிட்சர்லாந்தில் ஓய்வு கொண்டார். தாம் செய்ததையே தாம் மறந்துபோகும் நிலையில், எண்ணிட்டு எழுதிய நாட்குறிப்புப் பத்திகளே அவருக்கு இரண்டாவது நினைவாக விளங்கின. வாழ்நாள் இறுதிக்குள் அப்பத்திகளின் எண் பதினாறாயிரத்தைக் கடந்தது.

1845 செப்டம்பர் 13

1845 ஆகஸ்டில் வில்லியம் தாம்சன் என்ற 21 வயது இளைஞரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர் இவரே. மின்னழுத்தத்துக்கு உட்பட்ட கண்ணாடி போன்ற பொருள் தளவிளைவுற்ற ஒளியை மாற்றுமா என்று அவர் கேட்டிருந்தார். முன்பே முயன்று தோற்றதைப் பாரடே அவருக்குத் தெரிவித்தார். ஆயினும் அக்கேள்வி அவருடைய பழைய ஆவலைத் தட்டி எழுப்பியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. சில நாட்களில் ஐம்பத்துநான்கு ஆகவிருந்தது. மீண்டும் விளக்கை ஏற்றினார்.

முதலில் கரைசல்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார், பயன் இல்லை. மின்னழுத்தத்தைச் சோதித்தார், பயன் இல்லை. பிறகு மின்சாரத்தை விட்டுவிட்டுக் காந்தத்தை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் 13, சனிக்கிழமை. வலிய மின்காந்தங்களுக்கு அருகே ஒவ்வொரு பொருளாக வைத்தார். சாதாரண ஒளியியல் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. படிகங்களிலும் தெரியவில்லை. கடைசியில் அலமாரியிலிருந்த கனக்கண்ணாடித் துண்டை எடுத்தார். சுமார் இரண்டு அங்குலச் சதுரம், அரை அங்குலப் பருமன் உள்ள துண்டு அது.

காந்த முனைகளை ஒளிக்கதிரின் இரு பக்கங்களிலும் எதிரெதிரே வைத்தபோது இருள் இருளாகவே இருந்தது. பிறகு இரு முனைகளையும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில், ஒளி செல்லும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்குமாறு மாற்றி அமைத்தார். இப்போது காந்தத்தின் விசைக் கோடுகள் ஒளிக்கதிர் செல்லும் திசையிலேயே கண்ணாடிக்குள் ஓடின. மின்சாரத்தைச் செலுத்தினார். இருளில் விளக்கின் உருவம் மெல்லத் தோன்றியது! மின்சாரத்தை நிறுத்தினார்; உருவம் மறைந்தது. மீண்டும் செலுத்தினார், மீண்டும் தோன்றியது. பட்டகத்தைச் சிறிது திருப்பினால் மீண்டும் இருள் வந்தது. ஆகவே காந்தம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பியிருக்கிறது என்பதில் ஐயம் இல்லை.

1822 முதல் கணக்கிட்டால் இருபத்துமூன்று ஆண்டுகள். தொலைநோக்கிக்கு உதவாத கண்ணாடி, இயற்கையின் ஒரு பெரிய இரகசியத்துக்குத் திறவுகோல் ஆயிற்று. அது அடர்த்தி மிக்க ஈயக் கண்ணாடியாக இருந்ததனாலேயே விளைவு கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு இருந்தது. சில நாட்கள் கழித்து இன்னும் வலிய மின்காந்தம் ஒன்றைத் தருவித்துச் சோதித்தபோது, முன்பு ஒன்றும் காட்டாத பொருள்கள் பலவற்றிலும் அதே விளைவு தென்பட்டது. நவம்பர் 4-ஆம் நாள் அதே வகைக் கண்ணாடியைப் பட்டு நூலில் கட்டி மின்காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இரும்பு முனையை நோக்கித் திரும்பும். கண்ணாடியோ குறுக்காகத் திரும்பி நின்றது. காந்தத்தால் விலக்கப்படும் பொருள்கள் என்ற புதிய வகுப்பே இதனால் வெளிப்பட்டது.

சர்க்கரைக் கரைசலுக்கும் காந்தத்துக்கும் உள்ள வேற்றுமை

ஒளியின் தளத்தைத் திருப்பும் பொருள்கள் அதற்கு முன்பும் அறியப்பட்டிருந்தன. சர்க்கரைக் கரைசல் அவற்றுள் ஒன்று; சர்க்கரையின் அளவை அறிய ஆலைகளில் இந்தத் தன்மை பயன்படுகிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. சர்க்கரைக் கரைசலின் வழியே சென்ற ஒளியைக் கண்ணாடி வைத்து அதே வழியில் திருப்பி அனுப்பினால், போகும்போது பெற்ற திருப்பம் வரும்போது கழிந்து, ஒளி பழைய நிலையை அடையும். காந்தத்தால் வரும் திருப்பமோ விசைக் கோடுகளின் திசையைப் பொறுத்தது. ஒளி எப்பக்கமிருந்து வந்தாலும் தளம் அதே பக்கமாகவே திரும்பும். ஆகவே போகும்போது 10 பாகை திரும்பினால், திரும்பி வரும்போது இன்னும் 10 பாகை சேர்ந்து 20 ஆகும். பாரடே கண்ணாடியின் முனைகளில் வெள்ளிப் பூச்சிட்டு, ஒளியைப் பன்முறை முன்னும் பின்னுமாகச் செலுத்தி, சிறு திருப்பத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

பிரான்சு நாட்டு எமில் வெர்டே 1850-களில் இதை நுட்பமாக அளந்தார். திருப்பத்தின் அளவு, ஒளி செல்லும் திசையில் உள்ள காந்தப் புலத்தின் வலிமையையும், பொருளுக்குள் ஒளி செல்லும் நீளத்தையும், பொருளின் இயல்பையும் பொறுத்தது. பொருளின் இயல்பைக் குறிக்கும் எண்ணுக்கு வெர்டே மாறிலி என்று பெயர். நம் நாட்டிலும் இத்துறையில் நற்பணி நடந்துள்ளது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. ராமனின் மாணவராயிருந்த எஸ். ராமசேஷன் 1940-களில் வைரம் முதலிய படிகங்களில் இவ்விளைவை ஆராய்ந்தார்.

பாரடேக்குக் கணிதம் தெரியாது. அந்தக் குறையை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் நிறைவு செய்தார். பாரடேயின் விசைக் கோடுகளைக் கணித மொழியில் எழுதிய மாக்ஸ்வெல், 1861-62-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்தத் திருப்பத்தையே எடுத்து விளக்கினார். ஒளி என்பதே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு அவருடைய கணிதம் கொண்டு சேர்த்தது. அந்த உண்மைக்குச் சோதனையால் கிடைத்த முதல் சான்று கனக்கண்ணாடியில் தோன்றிய மங்கிய ஒளியே.

இன்றைய பயன்கள்

இவ்விளைவால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களுக்கும் விடை உண்டு. லேசர்க் கருவியிலிருந்து புறப்படும் ஒளி எதிலேனும் பட்டுத் திரும்பி உள்ளே நுழைந்தால் கருவி தடுமாறும், பழுதுபடவும் கூடும். இதைத் தடுக்க ஒருவழிக் கதவு ஒன்று வேண்டும். இரு தளவிளைவுத் தட்டுகளுக்கு இடையே, காந்தப் புலத்தில், ஒரு படிகத்தை வைக்கிறார்கள். போகும் ஒளியைப் படிகம் 45 பாகை திருப்ப, அதற்கேற்பச் சாய்த்து வைத்த இரண்டாம் தட்டின் வழியே ஒளி வெளியேறுகிறது. திரும்பி வரும் ஒளி அதே பக்கமாக மேலும் 45 பாகை திரும்பி, மொத்தம் 90 பாகை ஆகிவிடுவதால், முதல் தட்டு அதை மறித்துவிடுகிறது. சர்க்கரைக் கரைசலால் ஆகாத காரியம் இது என்பது விளங்கும். டெர்பியம் காலியம் கார்னெட் என்னும் படிகம், 1 டெஸ்லா காந்தப் புலத்தில், 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளியை 45 பாகை திருப்புவதற்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நீளமே போதும். தொலைபேசிச் செய்திகளைச் சுமக்கும் கண்ணாடி இழை அமைப்புகளிலும் இத்தகைய கதவுகள் உள்ளன.

உயர் மின்னழுத்தக் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தை அளக்கவும் இவ்விளைவு உதவுகிறது. கம்பியைச் சுற்றிக் கண்ணாடி இழையைச் சுருட்டி வைத்து, அதனுள் செல்லும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் மின்சாரத்தின் அளவு தெரியும்.

வானத்திலும் இது நிகழ்கிறது. 1954-இல் இங்கிலாந்தின் ஜாட்ரெல் பாங்கில், சந்திரனில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலைகள் மெல்ல மெல்ல மங்கி மங்கித் தெளிவதற்குக் காரணம், அயனி மண்டலத்தில் அவற்றின் அதிர்வுத் தளம் திரும்புவதே என்று கண்டனர். 1962-இல் நமது பால்வழிக்கு அப்பாலுள்ள சென்டாரஸ் ஏ என்னும் ரேடியோ மூலத்திலிருந்து வரும் அலைகளிலும் இத்திருப்பம் காணப்பட்டது. திருப்பம் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மிகுவதால், பல அலைநீளங்களில் அளந்து ஒப்பிட்டு, விண்மீன்களுக்கு இடையிலுள்ள காந்தப் புலத்தைக் கணிக்கிறார்கள். அது பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கே. எந்தக் கருவியும் சென்று அளக்க முடியாத அத்தூரத்துக் காந்தத்தை அங்கிருந்து வரும் அலையே நமக்கு அளந்து சொல்கிறது!

கடைசிச் சோதனை

பாரடே பட்டத்தை விரும்பவில்லை. சர் பட்டத்தையும், ராயல் சங்கத்தின் தலைமைப் பதவியையும் ஏற்க மறுத்தார். 1858-இல் விக்டோரியா அரசி ஹாம்ப்டன் கோர்ட்டில் அவருக்கு ஒரு வீடு அளித்தார். 1862 மார்ச் 12-ஆம் நாள், எழுபது வயதில், கடைசியாக ஒரு சோதனை செய்தார். ஒரு சுடரைக் காந்த முனைகளுக்கிடையே வைத்து, அதன் நிறமாலைக் கோடுகள் மாறுகின்றனவா என்று பார்த்தார். மாறுதல் இல்லை. இல்லை என்றே எழுதி வைத்தார். 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். பேரறிஞர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை விரும்பாமல், ஹைகேட் இடுகாட்டில் எளிய கல்லின்கீழ் துயில்கிறார்.

அவர் எழுதி வைத்த இல்லைகள் அவரோடு முடிந்துபோகவில்லை. மின்னழுத்தத்தால் ஒளி மாறுமா என்று அவர் தேடிக் காணாததை, 1875-இல் ஜான் கெர் என்பவர் கண்ணாடியிலேயே கண்டார். சுடரில் அவர் தேடிக் காணாததை, 1896-இல் லைடன் நகரத்துப் பீட்டர் சீமன் சிறந்த கருவிகொண்டு கண்டார். 1902-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். பாரடே போன்ற ஒருவர் முயன்று பார்க்கத் தக்கதென்று கருதியதை மீண்டும் முயல்வதில் தவறில்லை என்று எண்ணியே சீமன் அதில் இறங்கினார். பாரடே அந்தத் தோல்வியை மறைத்திருந்தால், சீமனுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்?

நண்பர்களே, பாரடே கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர். ஊரைவிட்டு நெடுந்தூரம் வந்து படிக்கும் நமக்கு நல்ல நூலகமும் சோதனைச்சாலையும் ஆசிரியர்களும் வாய்த்திருக்கிறார்கள். அடுத்த முறை விடை வராமற்போகும்போது பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். நண்பரின் எண்களைக் கேட்கவும் வேண்டாம். என்ன செய்தோம், என்ன வரவில்லை என்று தேதியிட்டு நேர்மையாக எழுதி வைப்போம். உதவாத கண்ணாடித் துண்டையும் அலமாரியில் பத்திரமாக வைப்போம். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து அது நமக்கே உதவலாம். நாம் இல்லாத காலத்தில் வேறொருவருக்கு உதவினாலும் நன்றே.